வாசகர் கேள்வி: மலைப்பாதைக் குடிலில் ஓர் இரவு

கேள்வி: நெடுந்தூர நடைபாதை ஒன்றின் பொதுக் குடிலில் தங்கியிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் வந்த குழுவினர், நெற்றி விளக்கை எங்கள் முகத்தில் அடித்தபடி கைப்பேசியில் பாட்டை அலறவிட்டதோடு, சேறு படிந்த காலணிகளை என் ஸ்லீப்பிங் பேக்கின் மேலேயே வைத்தார்கள். இத்தகையவர்களைச் சண்டையின்றிச் சமாளிப்பது எப்படி?

பதில்: தாமதமாக வந்தது குற்றமன்று, அமெரிக்காவின் ஏறத்தாழ 3,500 கி.மீ. நீள அப்பலாச்சியன் பாதையில் உள்ள 250-க்கும் மேற்பட்ட குடில்களில் பெரும்பாலானவை முன்பதிவு இல்லாத, ஒரு பக்கம் திறந்த மரக்கொட்டகைகள்தாம் என்பதால், எவரும் எந்நேரமும் வரலாம். பாட்டும் விளக்கும்தான் தவறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டுப் பிறகு வெடிப்பதைவிட, முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுந்து, "காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், பாட்டை நிறுத்துகிறீர்களா? விளக்கில் சிவப்பு ஒளி இருந்தால் அதைப் போடுங்கள்" என்று தணிந்த குரலில் குறிப்பாகக் கேளுங்கள், பொதுவாக முணுமுணுத்தால் எவருக்கும் உறைக்காது. உணவை வெளியே சிதறவிட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஏனெனில் அது எலிகளையும், சில காடுகளில் கரடிகளையும் வரவழைக்கும். குறட்டைக்கு மட்டும் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். அதற்குக் காதடைப்பான்தான் மருந்து. குடித்திருப்பவரிடம் வாதிட வேண்டாம். எடை கூடினாலும் சிறு கூடாரம் ஒன்றைச் சுமந்து செல்பவர், அனுமதியுள்ள இடத்தில் அதை விரித்துக்கொண்டு நிம்மதியாக உறங்கலாம்; நான் அதைத்தான் செய்கிறேன்.