மடியில் ஏறிக் கடிக்கும் பூனை

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஒரு பெண் பூனை இருக்கிறது, மூன்று வயது. தானாகவே வந்து மடியில் ஏறும், தலையால் முட்டித் தடவச் சொல்லும். தடவிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கையைக் கடித்துவிட்டு ஓடிவிடும். பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வரும். பூனைக்கு நன்றி கிடையாது என்கிறார் என் அம்மா. உண்மையா?

க.

அன்புள்ள க.,

'திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் சந்தேகம். என் பூனையும் பல வருடங்கள் என்னைத் திடீரென்றுதான் கடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் போனை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் உடம்பை மட்டும் பார்த்தபடி தடவினேன். முதலில் வால் நுனி வெடுக்கென்று அசைந்தது. அப்புறம் முதுகுத் தோல் ஒருமுறை அலைபோலச் சிலிர்த்தது. குர்ர்ர் என்ற சத்தம் நின்றது. காதுகள் பக்கவாட்டில் திரும்பின. தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் பல். ஐந்து முறை 'போதும்' என்று சொல்லியிருக்கிறது. நான்தான் காதில் வாங்கவில்லை.

எங்கே தடவுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பூனையின் கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு ஓரத்திலும் உங்கள் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது 'இது என் இடம், என் ஆள்' என்று வாசனை பூசுகிற வேலை. அங்கே தடவினால் பெரும்பாலும் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்ளும். வயிறு அப்படியில்லை. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால் 'உன் பக்கத்தில் எனக்குப் பயமில்லை' என்று பொருள். தொடச் சொல்கிறது என்று நினைத்துக் கை வைத்தால் நகம் பதியும்.

சரி, நன்றிக்கு வருவோம். நாயின் முன்னோர் கூட்டமாக வேட்டையாடியவர்கள். மற்றவர் முகக்குறிப்பு பார்த்துத்தான் பிழைத்தார்கள். பூனையின் முன்னோரான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடுவது. சேமித்த தானியத்துக்கு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழைய உறவு. ஆனால் நாயைப்போல நாம் பூனையைக் காவலுக்கும் மேய்ச்சலுக்கும் பழக்கவில்லை, அது தன் போக்கிலேயே இருந்துவிட்டது. நாயின் அளவுகோலை வைத்துப் பூனையை அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். அது குட்டி தன் தாயைக் கூப்பிடும் குரல். வளர்ந்த பிறகும் அதை நம்மிடம்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் என்று கேலி செய்கிறோம். ஆனால் உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அது நட்பின் அடையாளம். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மனிதர்கள் மெதுவாகக் கண் சிமிட்டியபோது பூனைகளும் திருப்பிச் சிமிட்டின. அப்படிச் சிமிட்டிய அந்நியரிடம்கூட அதிகம் நெருங்கி வந்தன. செய்து பாருங்கள், வீட்டில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. இதுவரை தடவ விட்ட பூனை சமீபத்தில்தான் கடிக்கத் தொடங்கியது என்றால், அல்லது ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் சீறுகிறது என்றால், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பூனை வலியை மறைப்பதில் கெட்டிக்காரி. குர்ர்ர் சத்தத்தை நம்பாதீர்கள், வலியிலும் அது வரும்.

மற்றபடி, அடுத்த முறை மடியில் ஏறினால் மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அதுவே முட்டும். என் பூனை இப்போதும் எப்போதாவது கடிக்கிறது. அப்போதெல்லாம் என் இன்னொரு கையில் போன் இருந்திருக்கும்.