முதலாளியை ‘கிங்பின்’ என்று எழுதிவிட்டேன்!

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்கள் வந்தபோது ஆங்கிலத்தில் வரவேற்புரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் முதலாளி நாலு தையல் மெஷினோடு ஆரம்பித்தவர். இன்று முந்நூறு பேருக்கு வேலை கொடுக்கிறார். அவரை ‘கிங்பின்’ என்று எழுதினேன். அகராதியில் ‘மிக முக்கியமானவர்’ என்றுதான் இருந்தது. வாசித்ததும் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து இரண்டு வரி எழுதவே கை நடுங்குகிறது. பிக் ஷாட், பிக்விக், பிக் சீஸ் என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றனவே, எதை எங்கே எழுதலாம்?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அகராதியைப் பார்த்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? அதற்காகக் கை நடுங்க வேண்டியதில்லை.

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டில் நடுக்கட்டைக்குப் பெயர் கிங்பின். அது சரிந்தால் மற்றவையும் சேர்ந்து சரியும். அந்த வகையில் நீங்கள் நினைத்த பொருள் சரிதான். ஆனால் இன்றைக்கு ஆங்கிலப் பேப்பரில் போதைப்பொருள், கள்ளநோட்டுச் செய்திகளில்தான் இந்தச் சொல் அதிகம் அடிபடுகிறது. வந்தவர்களுக்கு அந்த ஞாபகம் வந்திருக்கும்.

நம்மிடமும் இப்படி உண்டு. ‘பெரும்புள்ளி’ என்றால் முக்கியமானவர்தான். அதற்காகக் கல்யாணப் பத்திரிகையில் ‘பெரும்புள்ளி திரு. இன்னார் தலைமையில்’ என்று யாராவது அச்சடிப்பார்களா? ‘பெரிய கை’, ‘பெரிய தலை’ எல்லாமே அந்த ஆள் பக்கத்தில் இல்லாதபோது பேசுகிற பேச்சு. நீங்கள் கேட்ட ஆங்கிலச் சொற்களில் முக்கால்வாசி இதே ரகம்.

பிக்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1660-க்குப் பிறகு, இரண்டாம் சார்லஸ் காலத்தில், இங்கிலாந்தில் டோப்பா வைப்பது நாகரிகமாயிற்று. பெரிய டோப்பாவுக்கு விலை அதிகம், வசதியுள்ளவர் தலையில்தான் அது ஏறும். அதைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர் இது. 1795-ல் பிரதமர் இளைய பிட், டோப்பாவுக்கும் தலைமுடிக்கும் பவுடர் போடுபவர்கள் வருஷம் ஒரு கினி (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) வரி கட்ட வேண்டும் என்றார். அந்தப் பழக்கமே குறைந்துபோனது. இந்தப் பிட்டின் கொள்ளுத்தாத்தா தாமஸ் பிட் யார் தெரியுமா? 1698 முதல் 1709 வரை நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். இங்கே வாங்கிய ஒரு பெரிய வைரத்தை 1717-ல் பிரான்சுக்கு விற்றுப் பெரும் பணம் பார்த்தார். பிற்பாடு, இப்படி இந்தியாவில் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களை அங்கே ‘நேபாப்’ என்றார்கள். நவாப்தான் அப்படித் திரிந்தது. வயிற்றெரிச்சலில் பிறந்த பெயர் என்பதால் மரியாதையை அதில் தேடக் கூடாது.

பிக் சீஸில் வருவதும் பாலாடைக்கட்டி இல்லை என்கிறார்கள். இந்தியிலும் உருதுவிலும் ‘சீஸ்’ என்றால் வஸ்து, சாமான். இங்கிருந்த ஆங்கிலேயர்கள் அதை ‘அசல் சரக்கு’ என்ற தொனியில் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர்கள் பேசிய சொற்களைத் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இது பதிவாகியிருக்கிறது. முன்னால் ‘பிக்’ ஒட்டிக்கொண்டது அமெரிக்காவில்.

சரி, எதை எங்கே எழுதலாம்? பிக் ஷாட், பிக் சீஸ், பிக்விக் மூன்றும் கேன்டீன் பேச்சோடு நிற்கட்டும். ஹெட் ஹாஞ்சோவும் அப்படித்தான். குழுத் தலைவரைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லை அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுபோனது அது, சிநேகிதர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். பெரிய தொழிலதிபரைக் குறிக்கும் டைகூன், மோகல் இரண்டும் பத்திரிகைச் செய்திக்குப் பொருந்தும். ஆனால் சொந்த முதலாளியை நாமே அப்படி எழுதினால் பீற்றிக்கொள்வது போலாகிவிடும். ஃபேட் கேட் மட்டும் எங்கேயும் வேண்டாம். நம் ‘பணமுதலை’தான் அது.

இனி அகராதி பார்க்கும்போது, பொருளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இன்ஃபார்மல்’ (பேச்சு வழக்கு), ‘டிஸ்அப்ரூவிங்’ (குறை சொல்லும் தொனி) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மாணவர்களுக்கான நல்ல அகராதிகளில் அது இருக்கும். அப்புறம், நாலு மெஷினோடு ஆரம்பித்து முந்நூறு பேருக்கு வேலை கொடுக்கிறார் என்று எனக்கு எழுதினீர்களே, அடுத்த வரவேற்புரையில் ‘ஃபவுண்டர்’ என்று போட்டு அந்த வரியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்.