சுருளை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள்: வெப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தொலைதூர கேலக்ஸி படங்களைப் பார்த்து அசந்துபோய்க் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இரவில் உட்கார்ந்து தொலைநோக்கிகளின் மூலத் தரவைத் தோண்டுவது எனக்குப் பழக்கம், அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன. பலர் ஒரே விஷயத்தைக் கேட்ட இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, 2022 ஜூலையில் முதலில் வெளியிட்டார்களே, அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து தலை சுற்றுகிறது. அதில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேலக்ஸியா, நிஜமாகவா?

பதில்: கிட்டத்தட்ட நிஜம்தான் தம்பி. கூரான கதிர்களை நீட்டிக்கொண்டு பளிச்சென்று நிற்பவை பெரும்பாலும் நம் பால்வீதியின் நட்சத்திரங்கள், நடுவில் வந்து வழிமறிக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் இருக்கும் ஆயிரக்கணக்கான கீற்றுகள், பொட்டுகள், வளைவுகள் எல்லாம் கேலக்ஸிகள். இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் படத்தின் பரப்பளவு. கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடித்தால் அது வானத்தில் எவ்வளவு இடத்தை மறைக்குமோ அவ்வளவுதான் அந்த முழுப் படமும், அதையும் வெப் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்தில் எடுத்துவிட்டது.

இந்த விளையாட்டை முதலில் ஆடியது, வெப்புக்கு முந்தைய விண்வெளித் தொலைநோக்கியான ஹபிள். 1995 டிசம்பரில், ஹபிளை இயக்கும் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தன் பொறுப்பில் இருந்த நேரத்தை எடுத்து, சப்தரிஷி மண்டலப் பக்கம் ஒன்றுமே இல்லாத ஒரு கறுப்பு இடத்தைப் பத்து நாள் பார்க்கச் சொன்னார். வீண் வேலை என்று எச்சரித்தவர்களில் பெரிய வானியலாளர்களும் உண்டு. 342 படங்களைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 3000 கேலக்ஸிகள்! வானத்தில் காலி இடம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் நம் கண்ணின் போதாமை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கேள்வி: சார், அந்த கேலக்ஸிகள் இப்போது இருக்கின்றனவா, அழிந்துவிட்டனவா?

பதில்: படத்துக்குப் படம் இல்லை, ஒரே படத்துக்குள்ளேயே புள்ளிக்குப் புள்ளி இதற்குப் பதில் மாறும். அந்த முதல் படத்தின் நடுவில் மங்கிய வெள்ளையில் கூட்டமாகத் தெரிவது ஸ்மாக்ஸ் 0723 என்ற கேலக்ஸிக் கொத்து. அதன் ஒளி கிளம்பி ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன, அதாவது நம் சூரியனே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் சின்னச் சிவப்புப் பொட்டுகளில் சில 1300 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு பொட்டுகளுக்கு இடையில் 800 கோடி வருடம் இருக்கலாம்.

ஸ்டீபனின் ஐவர் என்று ஒரு படம் உண்டு, ஐந்து கேலக்ஸிகள் தோளோடு தோள் உரசி நிற்பது போல இருக்கும். அதில் நான்கு நம்மிடமிருந்து 29 கோடி ஒளியாண்டு தூரத்தில் உண்மையாகவே மோதிக்கொண்டிருக்கின்றன. இடதுபக்கம் இருப்பது வெறும் 4 கோடி ஒளியாண்டுதான், அந்தச் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் படங்களைத் தட்டையாகப் பார்க்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வந்தால், அந்தப் பழைய கேலக்ஸிகளில் நீல வெளிச்சம் கொடுத்த கனமான நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துச் செத்திருக்கும். கேலக்ஸி மட்டும் வேறொன்றோடு சேர்ந்து பெரிதாகி இன்னும் எங்கோ இருக்கும், நாம் பார்க்கிற உருவத்தில் இருக்காது.

கேள்வி: பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்கிறார்கள், அப்புறம் ஏதோ ஒரு கேலக்ஸி 3300 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே?

பதில்: இடிக்கவில்லை. ஒளி வந்துகொண்டிருந்த 1350 கோடி ஆண்டுகளும் நடுவில் இருந்த வெளி விரிந்துகொண்டே இருந்தது. ஒளி பயணம் செய்த காலம் ஒன்று, அந்த கேலக்ஸி இன்றைக்கு நிற்கும் தூரம் இன்னொன்று. செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதால்தான் குழப்பம். எனக்குக் கேட்டால் தூரத்தை விட்டுவிட்டு 'பெருவெடிப்புக்குப் பின் எத்தனை ஆண்டு' என்று மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: அக்காலத்து கேலக்ஸிகளை ஹபிளால் ஏன் பார்க்க முடியவில்லை? கண்ணாடி சின்னது என்பதாலா?

பதில்: அதுவும் ஒரு காரணம். ஹபிளின் கண்ணாடி 2.4 மீட்டர், வெப்புக்கு 6.5 மீட்டர், தங்கம் பூசிய 18 அறுகோணத் துண்டுகள். ஆனால் முக்கியக் காரணம் வேறு. 2024 மே மாதம் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள், பெருவெடிப்புக்குப் பிறகு வெறும் 30 கோடி ஆண்டு வாக்கில் இருந்தது. அது அனுப்பிய புறஊதா ஒளியின் அலைநீளம் வழியில் சுமார் 15 மடங்கு இழுபட்டுவிட்டது. ஹைட்ரஜன் 0.12 மைக்ரானில் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடும் ஒளி இங்கே 1.8 மைக்ரானைத் தாண்டி வந்து சேருகிறது, அதைவிடக் குறைந்த அலைநீளங்களில் அந்த கேலக்ஸி இருட்டு. ஹபிளின் பார்வையோ 1.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. பத்து நாள் இல்லை, பத்து வருடம் பார்த்தாலும் அதன் கண்ணில் இந்த கேலக்ஸி படாது!

இப்படி நீண்டுபோன அலைகளை, அதாவது அகச்சிவப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தொலைநோக்கியே குளிர்ந்து கிடக்க வேண்டும், இல்லையென்றால் அதன் சொந்தச் சூடே படத்தைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்து, டென்னிஸ் மைதானம் அகலத்துக்கு ஐந்து அடுக்குத் திரையை விரித்து வெயிலை மறைத்தார்கள். மிரி என்ற கருவிக்கு அதுவும் போதாமல் தனிக் குளிரூட்டி வைத்து, தனிச்சுழிக்கு (குளிரின் அடிமட்டம், சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேலே 7 கெல்வினுக்குள் இறக்கியிருக்கிறார்கள். 2021 டிசம்பர் 25 அன்று ஏவிய பிறகு அந்தத் திரை மடிப்பு மடிப்பாக விரிந்த நாட்களில் எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், இந்தக் கலர் எல்லாம் நிஜமா? நேரில் போனால் இப்படித் தெரியுமா?

பதில்: தெரியாது. ஆனால் 'நிஜம் இல்லை' என்றும் சொல்ல மாட்டேன்.

கருவியில் பதிவாவது கறுப்பு வெள்ளைப் படம்தான், ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் ஒன்று. அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இருப்பதில் நீளமான அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம், நடுவில் உள்ளதற்குப் பச்சை என்று அதே வரிசையில் நிறம் கொடுக்கிறார்கள். ஒரு பாட்டை நம் குரலுக்கு ஏற்றபடி சுருதி இறக்கிப் பாடுவது போலத்தான் இது, ஸ்வரங்களுக்குள் இருக்கும் உறவு மாறாது. அதனால் படத்தில் ஒரு கேலக்ஸி இன்னொன்றைவிடச் சிவப்பாக இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு: ஒன்று அது வெகு தூரத்தில் இருக்கிறது, அல்லது தூசு மூடியிருக்கிறது, அல்லது கிழட்டு நட்சத்திரங்கள் அதிகம். எது என்று கண்டுபிடிக்க நிறமாலை எடுக்க வேண்டும், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நேரில் போய்ப் பார்த்தாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவை வெறும் கண்ணால் பாருங்கள், ஒரு சாம்பல் நிறத் திட்டு. கிட்டப் போனால் பெரிதாகத் தெரியும், ஆனால் அந்தப் பரப்பின் பிரகாசம் கூடிவிடாது. நம் கண் பன்னிரண்டு மணி நேரம் ஒளியைச் சேர்த்துவைக்காது.

கேள்வி: எல்லாம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். இந்தக் காலத்தில் எதை வேண்டுமானாலும் வரைந்து நாசா என்று போடலாம்.

பதில்: சந்தேகப்படுவது நல்லது, போலிப் படங்கள் உண்மையாகவே சுற்றுகின்றன. 2022இல் எத்தியென் க்ளைன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஒரு துண்டு இறைச்சித் தொத்திறைச்சியின் படத்தைப் போட்டு, வெப் எடுத்த ப்ராக்ஸிமா சென்டாரி நட்சத்திரம் என்று எழுதினார். ஏகப்பட்ட பேர் நம்பினார்கள், அப்புறம் விளையாட்டுக்குச் செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் வெப்பின் மூலத் தரவு பொதுக் காப்பகத்தில் இருக்கிறது, சிலவற்றை ஒரு வருடம் வரை அந்த ஆய்வுக் குழு மட்டும் வைத்திருக்கும், பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். கோடுகளும், காஸ்மிக் கதிர் பட்ட வெள்ளைக் கறைகளுமாக அசிங்கமாக இருக்கும், அதைச் சுத்தம் செய்தால் அதே கேலக்ஸிகள் அதே இடத்தில் வந்து நிற்கும். ஸ்மாக்ஸ் 0723ஐ ஹபிளும் முன்பே எடுத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரைந்த படமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கேள்வி: நட்சத்திரங்களுக்கு ஏன் ஆறு கொம்பு?

பதில்: உண்மையில் எட்டு. ஆறு பெரியது, அறுகோணக் கண்ணாடிகளின் விளிம்பில் ஒளி சிதறுவதால் வருவது. படுக்கைவாக்கில் இரண்டு சின்னது, முன்னால் உள்ள சிறு கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் வருவது. ஹபிள் படத்தில் சிலுவை மாதிரி நான்குதான் இருக்கும். எந்தத் தொலைநோக்கி எடுத்தது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

கேள்வி: சில கேலக்ஸிகள் வில் மாதிரி வளைந்திருக்கின்றன. லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸ்தான், ஆனால் அது வெப்பில் இல்லை, நடுவழியில் இருக்கிறது! முன்னால் நிற்கும் கேலக்ஸிக் கொத்தின் எடை, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஈர்ப்பு வில்லை என்பார்கள். ஒரே கேலக்ஸி ஒரே படத்தில் இரண்டு மூன்று இடத்தில் தெரிவதும் உண்டு. வளைவை அளந்து கொத்தின் எடையைக் கணக்கிட்டால், கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களையும் வாயுவையும் கூட்டினாலும் காணாது, மிச்சம் எல்லாம் கரும்பொருள். ஆக அந்த வில்கள் மூலம் நாம் பார்த்துக்கொண்டிருப்பது, எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத ஒரு பொருளின் வடிவம். எனக்கு எந்தச் சுருள் கேலக்ஸியைவிடவும் இந்த வளைவுகள்தான் அழகு.

கேள்வி: வெப் வந்த பிறகு பெருவெடிப்புக் கொள்கையே தவறு என்று ஆகிவிட்டது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறவர்களும் சரி இல்லை.

நடந்தது இதுதான். பிரபஞ்சம் பிறந்து முதல் சில கோடி, சில பத்துக் கோடி ஆண்டுகளில் பளிச்சென்ற கேலக்ஸிகள் அபூர்வமாகத்தான் இருக்கும் என்று கணினி மாதிரிகள் சொல்லின. வெப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருக்கின்றன. 2025இல் மாம்-இசட்14 என்ற ஒன்று வந்தது, பெருவெடிப்புக்குப் பின் 28 கோடி ஆண்டு. முன்பு சொன்ன ஜேட்ஸ் கேலக்ஸியிலோ ஆல்மா ரேடியோ தொலைநோக்கி ஆக்ஸிஜனைக் கண்டுபிடித்தது. ஆக்ஸிஜன் நட்சத்திரத்துக்குள்தான் சமையும், ஆகவே அதற்குள் ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து வாழ்ந்து செத்தே போயிருக்கின்றன. 30 கோடி ஆண்டுக்குள்! மாதிரிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்பது இதனால் தெரிகிறது: நட்சத்திரங்கள் விட்டு விட்டுக் கொத்தாகப் பிறந்தனவா, தூசு குறைவா, கருந்துளையின் வெளிச்சமும் கலந்திருக்கிறதா என்று விவாதம் ஓடுகிறது. பெருவெடிப்புக்கான ஆதாரம், அதாவது எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைப் பின்னணி, ஹீலியத்தின் அளவு, வெளியின் விரிவு, இவற்றில் எதையும் இது தொடவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. நிறத்தை மட்டும் வைத்துத் தூரம் சொன்ன சில கேலக்ஸிகள் பிறகு ஏமாற்றியிருக்கின்றன. சியர்ஸ்-93316 என்பதைப் பெருவெடிப்புக்கு 25 கோடி ஆண்டுக்குள் இருந்தது என்று நினைத்தார்கள், 2023இல் நிறமாலை எடுத்தபோது அது சுமார் 120 கோடி ஆண்டு காலத்தது என்று தெரிந்தது. 'இதுவரை கண்டதிலேயே தொலைவானது' என்று தலைப்பு பார்த்தால், நிறமாலை எடுத்தார்களா என்று தேடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து ஆச்சரியப்பட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: தலைப்பில் சொல்லும் சிவப்புப் புள்ளி என்பது எது?

பதில்: பெயரே 'சின்னச் சிவப்புப் புள்ளிகள்' தான், வானியலாளர்களே அப்படித்தான் அழைக்கிறார்கள். வெப் படங்களில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, பெரும்பாலும் முதல் 150 கோடி ஆண்டுகளுக்குள் இருந்தவை. முதலில் நட்சத்திரம் நெருக்கியடித்த கேலக்ஸிகள் என்று நினைத்தார்கள். நிறமாலையில் ஹைட்ரஜன் வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சுழல்வது தெரிந்ததும், நடுவில் கருந்துளை என்றார்கள். ஆனால் கருந்துளை என்றால் வர வேண்டிய எக்ஸ் கதிர் பெரும்பாலானவற்றில் வரவில்லை. அடர்ந்த வாயு போர்த்திய கருந்துளை என்பது இப்போது பலமாக அடிபடும் எண்ணம். முடிவு ஆகவில்லை. ஆயிரம் பேர் பகிர்ந்த அழகான சுருள்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், யாரும் பெரிதாக்கிப் பார்க்காத இந்தப் பொட்டுகளைப் பற்றித்தான் தெரியாது.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. "அங்கே இருக்கிறவங்க நம்மைப் பார்த்தா நான் தெரிவேனா" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

பதில்: பாப்பாவிடம் சொல்லுங்கள்: ஆண்ட்ரோமெடாவில் இருந்து இன்றைக்குப் பார்த்தால் 25 லட்சம் ஆண்டுக்கு முந்தைய பூமி தெரியும், அதில் நம் மாதிரி மனிதர்கள் இன்னும் வரவில்லை. ஸ்மாக்ஸ் கொத்தில் இருந்து பார்த்தால் பூமியே சரியாகத் தெரியாது, அப்போதுதான் உருவாகிறது. அவள் வெளிச்சம் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, எட்டு ஒளியாண்டுதான் போயிருக்கிறது. அதற்குள் சில நட்சத்திரங்களைத் தாண்டிவிட்டது, ப்ராக்ஸிமா சென்டாரியும் அதில் சேர்த்தி.

கேள்வி: இதையெல்லாம் பார்த்தால் நாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றி மனசு கனத்துப்போகிறது.

பதில்: எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பெரியதாக இருப்பது என்ன சாதனை? அந்த கேலக்ஸிகள் எதற்கும் தான் 1350 கோடி ஆண்டு பழையது என்று தெரியாது.

கேள்வி: முழு அளவுப் படம் எங்கே கிடைக்கும்? எதில் தொடங்கலாம்?

பதில்: நாசா, ஈசா (ஐரோப்பிய விண்வெளி முகமை) இரண்டும் வெப் தொலைநோக்கிக்கு வைத்திருக்கும் இணையதளங்களில் இலவசம். சமூக ஊடகத்தில் வருவது சுருக்கிய படம், அதில் பொட்டுகள் எல்லாம் கரைந்துபோயிருக்கும், எனவே முழு அளவையே எடுங்கள். ஸ்டீபனின் ஐவர் 15 கோடிப் பிக்சலுக்கு மேல், பழைய போன் திணறும், கணினியில் திறப்பது உத்தமம். அது முடிந்ததும் ஈசாவின் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த பெர்சியஸ் கொத்துப் படம், கொத்தில் ஆயிரம் கேலக்ஸி, பின்னணியில் இன்னும் ஒரு லட்சம். நூறு சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நடுவை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்.