குரூஸ் கண்ட்ரோல்: வேலூர் மின் இணைப்புக்காரரின் கேள்வி பதில்

காட்பாடி வாசகர்: ஐயா, என்னுடையது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக். பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் வலது மணிக்கட்டு மரத்துவிடுகிறது. கைப்பிடியைத் திருகிப் பிடிக்காமலே ஒரே வேகத்தில் வண்டியை ஓட்டும் குரூஸ் கண்ட்ரோல் பொருத்தலாமா?

பொருத்தலாம், ஆனால் வேலை சிறியதல்ல. உங்கள் வண்டியில் ஆக்சிலேட்டரை இழுப்பது கேபிள். அந்தக் கேபிளை உங்களுக்குப் பதிலாக இழுக்க ஒரு கருவி வேண்டும். ஒரு வகை, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இன்டேக் குழாயில் உருவாகும் வெற்றிடத்தால் இழுக்கும்; இன்னொன்று மின்மோட்டாரால் இழுக்கும். முதல் வகையில் ஒரு சங்கடம் உண்டு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் அகலத் திறக்கும்போது வெற்றிடம் குறையும். பலம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் கருவி தளரும். அதற்காகவே ஒருவழி வால்வும் வெற்றிடத்தைச் சேமித்துவைக்கும் டப்பாவும் வைக்கிறார்கள். செலவு அதிகமானாலும் நான் மின்மோட்டாரையே சொல்வேன்.

எதைப் போட்டாலும் முன் பிரேக், பின் பிரேக், கிளட்ச் ஆகிய மூன்றிலும், பிடித்தவுடன் குரூஸைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். கிளட்ச் சுவிட்ச் இல்லாத வண்டியில் கிளட்சைப் பிடித்தால் பாரம் விலகிய இன்ஜின் அலறும். வண்டியின் வேகத்தைக் கருவிக்குச் சொல்லும் சிக்னலுக்காக, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் ஒயரைச் சுரண்டாதீர்கள்.

ஆற்காடு வாசகர்: கைப்பிடியில் மாட்டும் சிறிய பூட்டு போதாதா?

அது கைப்பிடியைத்தான் பிடித்துவைக்கும், வேகத்தை அல்ல. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் நோக்கி ஏறும்போது வேகம் விழும். திரும்பி இறங்கும்போது கூடும். பிரேக் பிடித்தாலும் அது விடாது, நீங்கள்தான் கையால் மூட வேண்டும். மணிக்கட்டுக்கு ஓய்வு மட்டும் போதுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: என் பைக் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. அதில் குரூஸ் பொருத்தலாமா?

கேபிளே இல்லை, ஆக்சிலேட்டரைத் திறக்கும் மோட்டார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கைப்பிடிக்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் இடையே ஒரு பெட்டியைச் செருக வேண்டும். இத்தகைய கைப்பிடிகள் இரண்டு சிக்னல்களை அனுப்பும். கணினி அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும். மலிவான பெட்டி ஒன்றை மட்டும் மாற்றினால் கணினி சந்தேகப்பட்டு இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். வாரண்டியையும் யோசியுங்கள்.

ஆம்பூர் வாசகர்: அண்ணே, நம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் டிவிஎஸ் எக்செல் வரும், நடுவில் மாடு நிற்கும். இங்கே இது எதற்கு?

வாணியம்பாடி வாசகர்: விடியற்காலையில் நாட்றம்பள்ளிப் பக்கம் வந்து பாருங்கள், சாலை காலி.

ஆம்பூர் வாசகர்: காலியாக இருக்கும் சாலையில்தான் திடீரென்று வருவார்கள்!

இருவரும் சண்டையை நிறுத்தினால் நான் பேசுகிறேன். ஆம்பூர்த் தம்பி சொல்வதில் பாதி சரி. ஊர் தொடங்கி முடிகிற வரையிலும், மேம்பாலம் இறங்கி சர்வீஸ் சாலை வந்து சேரும் இடங்களிலும் இதை அணைத்துவிட வேண்டும். மீதி சரியில்லை. குரூஸ் ஓடும்போது கை சும்மா இருப்பதில்லை. விரல் பிரேக் லீவரின் மேல் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இருப்பவனுக்கு மாடு வந்தாலும் பிரேக் பிடிப்பது அதிகம் தாமதமாகாது. பழக்கம் இல்லாதவன் தொடையில் கை வைத்துக்கொண்டு போவான்; அவனுக்கு இந்தக் கருவியே வேண்டாம். மழையிலும் வேண்டாம்.

வாணியம்பாடி வாசகர்: அப்படியென்றால் நான் சொன்னதுதான் சரி.

இல்லை. அடுத்தவர்.

திருப்பத்தூர் வாசகர்: ஏலகிரி ஏறும்போது பயன்படுமா?

14 கொண்டை ஊசி வளைவுகள். எதற்கு?

குடியாத்தம் வாசகர்: கைப்பிடிப் பூட்டு எப்படி, ஐயா?

ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாலாஜாபேட்டை வாசகர்: சட்டப்படி சரிதானா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாறுதல்களைப் பற்றியது. நான் ஒயர்க்காரன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அணைக்கட்டு வாசகர்: பழைய வெற்றிடக் கருவி வாங்கிப் போட்டேன். பொத்தானை அழுத்தினால் பிடிக்கவே இல்லை.

பின் பிரேக் விளக்கை எல்இடியாக மாற்றியிருக்கிறீர்களா? அந்தக் கருவிகளில் சில, பிரேக் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் இயங்கும். எல்இடியில் இழை ஏது? ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் போட்டு, பிரேக் பிடிக்காதபோது எர்த் கிடைக்கும்படி இணையுங்கள். ஒயரைப் பிரித்திருக்கும்போதே கிளட்ச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்.