அண்டாவும் வாளும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அமிர்தசரஸ் போயிருந்தோம். பொற்கோயிலில் எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கரில் சாப்பிட்டுவிட்டு வந்தால், சீக்கியர்களின் அதிகார பீடமான அகால் தக்த் பக்கத்தில் இரண்டு கொடிமரங்கள். ஒன்று ஆன்மிகத்துக்கு, ஒன்று அரசியலுக்கு என்றார்கள். ஊர் ஊராகப் பாடிக்கொண்டு நடந்த, சீக்கியத்தின் முதல் குருவான நானக்கின் சீடர்கள் நாடாளும் படையானது எப்படி? முகலாயர் கொடுமைக்குப் பதிலடியா? இல்லை, குருவின் வழியிலிருந்தே விலகிவிட்டார்களா?

கே.

அன்புள்ள கே.,

கொடுமை உண்மை. 1606-இல் ஜஹாங்கீரின் ஆணைப்படி ஐந்தாம் குருவான அர்ஜன் லாகூரில் வதைபட்டு இறந்தார். அவருடைய 11 வயது மகன் ஹர்கோபிந்த் குருவானதும் மீரி (அரசதிகாரம்), பீரி (ஆன்மிக அதிகாரம்) என்று இரண்டு வாள்களை அணிந்தார். நீங்கள் பார்த்த கொடிகள் அவற்றின் அடையாளம். 1675-இல் ஔரங்கசீப் ஆட்சியில் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் தில்லியில் தலை வெட்டப்பட்டார்.

ஆனால் அடிபட்டவர்கள் எல்லோரும் அரசு அமைத்துவிடுவதில்லையே. அதற்கான அடித்தளம் முன்பே இருந்தது. நானக் பாபரின் படையெடுப்பு நடந்த காலத்தில் வாழ்ந்தவர். அரசர்களைப் புலிகள் என்றும் அவர்களுடைய ஆட்களை நாய்கள் என்றும் பாடியவர். அவரை அரசியல் தெரியாத சாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் நகரம் கட்டினார்கள், 1604-இல் சீக்கிய வேதமான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தார்கள், ஊர்தோறும் ஆள் வைத்துக் காணிக்கை திரட்டினார்கள். குருக்களின் இந்தக் ‘கடை’யை மூடவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்ததாக ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வாள் வருவதற்கு முன்பே பாதுஷாவுக்கு உறுத்தியிருக்கிறது.

நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் இடம் 1699, ஆனந்தபூர். பத்தாவது குருவான கோபிந்த் சிங் தலை கொடுக்க ஆள் கேட்கிறார். ஐந்து பேர் எழுந்து வருகிறார்கள். ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் நாவிதர் என்கிறது சீக்கிய மரபு. அவர்களுக்குத் தீட்சை நீரான அமிர்தம் கொடுத்து, தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்குகிறார். அப்புறம் நடந்ததுதான் முக்கியம்: குரு அதே ஐவர் முன் கைகூப்பி நின்று, தனக்கும் அமிர்தம் தரக் கேட்கிறார். தன் சீடர்களிடமே தீட்சை பெறும் ஒரு தலைவர்! அதிகாரம் ஓர் ஆளிடம் தங்கக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் செய்துகாட்ட முடியும்? 1708-இல் நாந்தேடில் அவர் மறைந்த பிறகு மனித குரு இல்லை. கிரந்தமும் பந்த் என்னும் சமூகமுமே குரு.

இது வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. 1710-இல் சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர் முகலாயரிடமிருந்து சிர்ஹிந்த் நகரைப் பிடித்தார். அவருடைய முத்திரையில் அவர் பெயர் இல்லை. அதில் இருந்த பாரசீக வரியின் பொருள் இது: அண்டாவும் வாளும் வெற்றியும் தடையில்லாத் துணையும் நானக்கிடமிருந்து குரு கோபிந்த் சிங் பெற்றவை. அண்டா என்றால் நீங்கள் சாப்பிட்ட லங்கரின் அண்டாவேதான். சோறு போடுவது முதலில், வாள் அதற்கு அடுத்து. பந்தா 1716-இல் தில்லியில் கொல்லப்பட்டார். ஆனால் 1765-இல் கால்சா லாகூரைப் பிடித்து நாணயம் அடித்தபோது அதே வரியைத்தான் பொறித்தது. அந்த நாட்களில் மிசல் என்னும் தனித்தனிப் படைக்கூட்டங்கள் வைசாகிக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் கூடும். அங்கே எடுக்கும் முடிவு குர்மத்தா. அது எல்லோரையும் கட்டும்.

சரி, விலகினார்களா என்று கேட்டீர்கள். மிசல் தலைவர்களில் ஒருவரான ரஞ்சித் சிங் 1799-இல் லாகூரைப் பிடித்து, 1801-இல் மகாராஜா ஆனார். நாணயத்தில் குருவின் பெயர்தான், அரசுக்கும் கால்சா சர்க்கார் என்றே பெயர். ஆனால் 1805-இல் ஆங்கிலேயருக்கு எதிராக மராத்தியத் தலைவர் ஹோல்கர் உதவி கேட்டு வந்த சமயத்தில் குர்மத்தா எடுக்கக் கூடியதற்குப் பிறகு, அவர் ஆட்சியில் அப்படி ஒரு கூட்டம் கூடவே இல்லை. முடிவுகளெல்லாம் தர்பாருக்குப் போய்விட்டன. எனக்கு விலகலாகப் படுவது இதுதான். 1839-இல் அவர் இறந்ததும் வாரிசுச் சண்டையில் தர்பார் சிதறியது. 1849-இல் பஞ்சாப் ஆங்கிலேயர் கைக்குப் போனது.