போதைதான் அந்த இசையைத் தந்ததா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. சென்னையில் படித்துக்கொண்டே சாக்ஸபோன் கற்கிறான். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் என்றால் அவனுக்கு உயிர். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, "ஹெராயின் மட்டும் இல்லேன்னா அந்த ஆளுக்கு அந்த வாசிப்பே வந்திருக்காதும்மா. மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் எல்லாருமே எடுத்தவங்கதான்" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவன் சொல்வது உண்மையா? நான் என்ன பேசுவது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவர்கள் எடுத்தது உண்மை. எடுத்ததால்தான் வாசித்தார்கள் என்பது உண்மையில்லை. உங்கள் மகனுக்கு முன்பே இந்தக் குழப்பத்தில் விழுந்தவர்கள் பலர். 1940களில் பார்க்கரைச் சுற்றியிருந்த இளம் ஜாஸ் கலைஞர்கள், அவரைப் போல வாசிக்க ஆசைப்பட்டு அவரைப் போலவே ஊசியும் போட்டுக்கொண்டார்கள். அவர் குழுவில் டிரம்பெட் வாசித்த ரெட் ராட்னி பின்னாளில் இதை வெளிப்படையாகச் சொன்னார். பார்க்கர் இதை ஆதரித்தவர் அல்ல. கஞ்சாவோ ஊசியோ குடியோ இருந்தால் நன்றாக வாசிக்க வரும் என்று சொல்கிற கலைஞன் சுத்தப் பொய்யன் என்று 1949இல் டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் சொன்னார். நீங்கள் சொன்னால் மகன் கேட்காமல் போகலாம். இது பார்க்கரே சொன்னது.

பிறகு அந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் பதின்ம வயதில் மேடையேறி அவமானப்பட்டுத் திரும்பியவர் அவர். 1937 கோடையில் வெளியூரில் ஒரு குழுவோடு தங்கியிருந்தபோது, சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒவ்வொரு சுரமாகப் பாடம் செய்தார். மூன்று நான்கு வருடம் தினமும் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் சாதகம் செய்ததாகப் பின்னாளில் வானொலிப் பேட்டியொன்றில் சொன்னார். அந்த வேகம் இப்படி வந்தது.

"போதையில் இருந்த காலத்தில்தானே அவருடைய சிறந்த பதிவுகள் வந்தன?" என்று மகன் கேட்பான். நியாயமான கேள்விதான். ஹெராயின் பழகிய உடம்புக்குக் கொஞ்ச நாளிலேயே கிறக்கம் குறைந்துவிடும். அதன் பிறகு நடுக்கமும் குமட்டலும் உடல்வலியும் வராமல், சாதாரண மனிதராக நிற்பதற்கே அது தேவைப்படும். மற்றவர்கள் இயல்பாக இருக்கிற நிலைக்கு வர அவர் தினமும் விலை கொடுத்தார். அந்த நிலையிலும் அப்படி வாசித்தார் என்றால் பெருமை சாதகத்துக்குச் சேர வேண்டியது.

ஹெராயினுக்கு அடிமையானது அந்த இசைக்கு என்ன செய்தது என்பதைக் காதாலேயே கேட்கலாம். 1946 ஜூலை 29, லாஸ் ஏஞ்சல்ஸ். பார்க்கருக்கு ஹெராயின் கொடுத்துவந்தவர் கைதாகிவிட, அது கிடைக்காமல் குடியில் விழுந்திருந்தார். அந்த நிலையில் டயல் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 'லவர் மேன்' பாடலைப் பதிவு செய்ய வந்தார். பியானோ ஆரம்பிக்கிறது, வர வேண்டிய இடத்தில் சாக்ஸபோன் வரவில்லை. வந்த பிறகும் வரிகள் பாதியில் அறுகின்றன. கேட்கவே மனம் பதறும். அன்று இரவே விடுதியில் கலாட்டா, கைது, பிறகு கமரில்லோ அரசு மனநல மருத்துவமனையில் சுமார் ஆறு மாதம். அந்தப் பதிவை வெளியிட்டதற்காக அவர் கடைசிவரை கோபப்பட்டார். ஆனால் அதையும் மேதைமை என்று கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வேதனையாகவே இருக்கிறது. ஒரு மனிதர் உடைவதை ரசிக்க என்னால் முடியவில்லை. 1955இல் அவர் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றே மதிப்பிட்டார்.

சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேன் கதையை மகன் பாதிதான் சொல்லியிருக்கிறான். ஹெராயின் பழக்கத்தால் 1957இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். கோல்ட்ரேன் ஃபிலடெல்பியாவில் அம்மா வீட்டுக்குப் போய் அந்தப் பழக்கத்தை விட்டார். அதே வருடம் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கோடு மாதக்கணக்கில் வாசித்தார், செப்டம்பரில் 'ப்ளூ டிரெயின்' இசைத்தட்டு பதிவானது. 1964இல் பதிவான 'எ லவ் சுப்ரீம்' தட்டின் உறையில், 1957இல் இறையருளால் தனக்கு ஒரு விழிப்பு வந்ததாக நன்றியோடு எழுதினார். நாம் இன்று கோல்ட்ரேன் என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி விட்ட பிறகு வந்தது.

இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ், லெக்சிங்டன் போதை சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டு 1955இல் வெளியே வந்தார். பழைய கிளப்புகளுக்குப் போகப் பயந்து, கொஞ்ச காலம் சிகாகோவில் துப்புரவு வேலை பார்த்தார். அடுத்த வருடம் அவருடைய 'சாக்ஸபோன் கொலோசஸ்' இசைத்தட்டு பதிவானது. போதைப் பக்கமே போகாமல் அபாரமாக வாசித்த டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனோடு சேர்ந்து வாசித்தது அவருக்குப் பெரிய பலம். உங்கள் மகனுக்கும் அப்படி ஒரு சக கலைஞர் கிடைத்தால் நல்லது.

பியானோ கலைஞர் பில் எவன்ஸ் கடைசிவரை முழுமையாக மீளவில்லை, ஆனாலும் அற்புதமாக வாசித்தார். மகன் அவர் பெயரைச் சொன்னால் மறுக்காதீர்கள். மறுத்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பமாட்டான். 51 வயதில் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சாக்ஸபோனைப் பிடுங்கி வைக்காதீர்கள், பார்க்கரைத் திட்டாதீர்கள். 'லவர் மேன்' பதிவையும் 1947 பிப்ரவரியில், கமரில்லோவிலிருந்து வெளியே வந்தபின் பார்க்கர் செய்த பதிவையும் அவனையே போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு நேராகவே கேளுங்கள்: "நீ எடுத்திருக்கியாப்பா?" இல்லை என்றால் நம்புங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பது, பகலிலும் அரைத்தூக்கம், கணக்கில்லாமல் கரையும் பணம், காணாமல் போகும் பொருள்கள் இவை சேர்ந்து வந்தால் மட்டும் மறுபடி விசாரியுங்கள்.

ஆமாம் என்றால் அழுது ஊரைக் கூட்ட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்; 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். கோல்ட்ரேன் போல வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று கதவைச் சாத்தி வைக்காதீர்கள். சில நாள் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடலாம். இதை மருத்துவரைக் கொண்டே அவனுக்கும் சொல்ல வையுங்கள்.