விமானத்தில் அரிமானம், அதாவது உலோகம் அரித்துப்போவது, எங்கே வரும் என்று கணினி மாதிரியால் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எங்கே என்பதை நன்றாகவே சொல்ல முடியும். எந்த ஆண்டில், எவ்வளவு ஆழத்துக்கு என்பதைத்தான் இன்னும் நம்பிச் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரிகளை உருவாக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

இரும்பைப்போல அலுமினியம் செந்துரு காட்டாது. வெண்பொடியாகப் பொரியும், அதுவும் பெரும்பாலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளுக்குள், கண்ணில் படாமல். அலுமினியத் தகட்டை எஃகு ஆணியோ கார்பன் இழைப் பாகமோ தொட்டுக்கொண்டிருந்து, மேலே உப்பு ஈரமும் படிந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது, கரைவது அலுமினியம். அந்த ஈரப்படலத்தில் மின்னழுத்தம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணினி லாப்லாஸ் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிடுகிறது. எந்த மின்னழுத்தத்தில் எந்த உலோகம் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதை ஆய்வகத்தில் அளந்து கொடுக்கிறோம். மின்னோட்டம் தெரிந்தால், கரையும் உலோகத்தின் அளவை ஃபாரடே விதி சொல்லிவிடும்.

சிக்கலெல்லாம் அந்த ஈரத்தில்தான். சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். படலம் மெலிந்தால் மின்னோட்டம் தொலைவு போகாது. சேதம் ஆணியை ஒட்டியே குவியும். ஒருமுறை எங்கள் மாதிரி பாதுகாப்பானது என்று காட்டிய தரைச்சட்டத்தில் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் வெண்பொடியைக் கண்டுபிடித்தார். கழிவறையிலிருந்து கசிந்த நீரை வெப்பக்காப்புப் போர்வை உறிஞ்சி வைத்திருந்தது. சமன்பாட்டில் பிழையில்லை, அந்த இடம் காய்ந்திருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை. அதற்குப் பிறகு, அவருடைய பழைய ஆய்வுப் பதிவுகளைப் படிக்காமல் நான் எந்தக் கணக்கையும் தொடங்கியதில்லை.

அரிமானம் உலோகத்தில் துளைக்கும் சிறு குழிகள் தோன்றுவதில் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் ஆழத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் நிகழ்தகவாகச் சொல்வதே நேர்மை. குழியிலிருந்து விரிசல் கிளம்பும் என்பதால் உலோகச் சோர்வையும், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகம் பலவீனமாவதையும், சேர்த்தே கணக்கிட வேண்டும். 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் பறந்துகொண்டிருந்தபோதே அதன் மேற்கூரையின் ஒரு பகுதி பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 19 வயதான அந்த விமானம் அதற்குள் 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்தது. தகடு இணைப்புகளின் ஒட்டு விட்டுப்போனதும் அரிமானமும் சோர்வு விரிசல்களும் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன.

எந்தப் பலகையை முதலில் கழற்றிப் பார்ப்பது, எந்த ஆணியை மாற்றுவது என்று முடிவெடுக்க மாதிரியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அதை மட்டும் காட்டி ஆய்வு இடைவெளியை நீட்டிக்கச் சொன்னால் நான் கையெழுத்திட மாட்டேன்.